கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பெயர் தந்த வம்சம் அற்றுப்போனதா, இருக்கிறதா?

கோட்டைவாசல்:

வணக்கம். நான் மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் சனி, ஞாயிறு மட்டும் வழிகாட்டி வேலை பார்ப்பவள். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வரும் கூட்டம்தான். குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் தொடங்கி, கடைத்தெருவில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, அப்புறம் நடந்தே கோட்டைக்குப் போவது என் வழக்கமான சுற்று.

போன சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரே குடும்பத்தில் பதினோரு பேர் வந்தார்கள். எஸ்பிளனேட் திடலோரம் இருக்கும் போர் நினைவுத் தூணைக் காட்டி, இதற்கு செனடாஃப் என்று பெயர் என்றேன். கூட்டத்திலிருந்த பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். "எங்கள் வீடு தேனாம்பேட்டையில் செனடாஃப் ரோட்டுக்குப் பின்னால்தான் அம்மா. கார்ன்வாலிஸுக்குக் கட்டிய நினைவு மண்டபத்தால்தான் அந்த ரோட்டுக்கே பெயர் வந்தது. இங்கே கோட்டைக்கும் அவன் பெயர், பக்கத்தில் ஒரு செனடாஃப். இதுவும் அவனுக்குத்தானா?" என்றார். இல்லை ஐயா, இது முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு என்றேன். அதுவரை சரியாகத்தான் போனது.

கோட்டைக்குள் ஸ்ரீ ரம்பை பீரங்கி அருகே வந்தோம். 1603-ல் வார்க்கப்பட்ட டச்சுப் பீரங்கி அது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கை மாறிக் கை மாறி இங்கே வந்து சேர்ந்தது. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதன் வாயில் பூ வைப்பார்கள் என்ற கதையை வழக்கம்போலச் சொன்னேன். பெரியவர் விடவில்லை. "சரி, பீரங்கி பிள்ளை கொடுக்கிறது. கோட்டைக்குப் பெயர் கொடுத்தவன் வம்சம் என்ன ஆயிற்று?" என்றார். பயண முகவர் ஒருவர் எப்போதோ கொடுத்த கையேட்டில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்: ஆண் வாரிசு இல்லாமல் அற்றுப்போனது.

சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய பேரன் கைப்பேசியை நீட்டினான். பதினாலு வயது இருக்கும். "ஆன்ட்டி, கார்ன்வாலிஸ் பிரபு என்று இப்பவும் ஒருத்தர் இருக்கிறாரே! நான்காம் பாரன் என்று போட்டிருக்கிறது." எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பையன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆனால் எனக்கு முகம் வெந்துபோனது.

யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வம்சம் முடிந்ததா இல்லையா? ஓர் இடத்தில் மார்க்விஸ் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் ஏர்ல், இவன் காட்டியது பாரன். ஒரே ஆளுக்கு எத்தனை பட்டம்? அவர் பினாங்குக்கு வந்திருக்கிறாரா? அடுத்த வாரமும் ஒரு கூட்டம் வருகிறது.

பிறைக்காரன்:

அக்கா, நீங்கள் சொன்னது சரிதான். மார்க்விஸ் பட்டம் 1823-ல் முடிந்துவிட்டது. பையன் காட்டியது வேறு ஏதாவது குடும்பமாக இருக்கும். பதினாலு வயதில் கையில் ஒரு கைப்பேசியும் இருந்தால் எல்லாருமே லாடு லபக்குதாஸ்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கார்ன்வாலிஸ் பினாங்குக்கு வந்ததே இல்லை. அது மட்டும் நிச்சயம்.

பழைய கிராணி:

தங்கச்சி, நீங்கள் சொன்னதும் பாதி சரி, பையன் சொன்னதும் பாதி சரி. பிறைக்காரத் தம்பி சொன்னதிலும் பாதிதான் தேறும்.

நான் நில அலுவலகத்தில் 31 வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவன். பிரிட்டிஷ் பிரபுக்கள் கதையைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு அது லேசாகவே பிடிபட்டது. காரணம், அது முழுக்க முழுக்க கிராண்டு, அதாவது உரிமைப் பத்திர விவகாரம். நிலத்துக்குக் கிராண்டு இருப்பது போல ஒவ்வொரு பட்டத்துக்கும் ராஜா கொடுத்த ஒரு பத்திரம் உண்டு. இது யாருக்குப் பிறகு யாருக்குப் போகும் என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் "இன்னாருக்கும், இன்னார் உடம்பில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கும்" என்றுதான் இருக்கும். இந்த ஒரு வரியில்தான் எல்லாச் சிக்கலும். நம் ஊர் டத்தோ பட்டத்தில் இந்தத் தொல்லையே இல்லை. டத்தோவின் மகன் டத்தோ ஆகமாட்டான். அவனும் வரிசையில் நின்று வாங்க வேண்டியதுதான்.

ஒரே ஆள் தலையில் பல கிராண்டுகள் ஏறலாம். உங்கள் கோட்டைக்காரர் தலையில் ஏறியவை இவை.

கார்ன்வாலிஸ் குடும்பம் லண்டனில் வணிகம் செய்து மேலே வந்த குடும்பம். தாமஸ் கார்ன்வாலிஸ் என்பவர் 1378-ல் லண்டன் ஷெரீஃப். அடுத்த தலைமுறையில் ஒரு திருமணம், அதன் வழியாக சஃபோக் மாவட்டத்தில் புரோம் என்ற ஊரில் நிலம் வந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் குடும்பத்தில் நல்லது பலவும் பெண் வழியாகத்தான் வந்திருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் இன்னொரு தாமஸ், அவர் சர் தாமஸ். மேரி ராணியிடம் செல்வாக்காக இருந்து, பிரான்ஸ் கரையில் ஆங்கிலேயர் கையில் மிச்சமிருந்த கலே நகரத்துக்குப் பொருளாளராகப் போனார். 1558 தொடக்கத்தில் கலே பறிபோனது. இவர் அதற்குச் சற்று முன்பே ஊர் திரும்பியிருந்தார், புரோமில் பெரிய மாளிகை ஒன்றையும் கட்டியிருந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? கலேயை விற்றுத்தான் புரோம் மாளிகையைக் கட்டினான் என்று பாட்டுக் கட்டிவிட்டார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை. பாட்டு மட்டும் இன்றுவரை நிற்கிறது.

பிறகு ஃபிரெடெரிக் கார்ன்வாலிஸ். 1627-ல் பாரனெட் ஆனார். உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்று, ராஜா மகனோடு நாடு கடந்தும் இருந்தார். அந்த மகன் இரண்டாம் சார்ல்ஸாகத் திரும்பி வந்து 1661 ஏப்ரலில் முடி சூட்டிக்கொண்டபோது, அதே மாதம் இவரைப் பாரன் கார்ன்வாலிஸ் ஆக்கினார். ஒரு வருடம்கூட அனுபவிக்கவில்லை மனிதர், 1662 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். ஐந்தாவது பாரனை 1753-ல் ஏர்ல் ஆக்கினார்கள். கூடவே விஸ்கவுண்ட் புரோம் என்று ஒரு சின்னப் பட்டமும் கொடுத்தார்கள், அது மூத்த மகன் மரியாதைக்காக வைத்துக்கொள்வது.

அந்த மூத்த மகன்தான் உங்கள் சார்ல்ஸ் கார்ன்வாலிஸ். 1738 கடைசி நாளில் பிறந்தவர். ஈட்டன் பள்ளியில் ஹாக்கி ஆடும்போது ஒரு பையன் அடித்த அடியில் ஒரு கண் கெட்டது, ஓவியங்களில் பார்த்தால் கண் கொஞ்சம் ஒன்றரையாகத் தெரியும். அடித்த பையன் பின்னாளில் டரம் நகரத்து பிஷப். 1762-ல் அப்பா இறந்ததும் இவர் இரண்டாம் ஏர்ல். அமெரிக்காவில் 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த ஏர்ல் கார்ன்வாலிஸ் இவர்தான். உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைக் கொடுக்க வேறொரு ஜெனரலை அனுப்பிவிட்டார்.

தோற்ற ஆளைத் தூக்கி 1786-ல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். இங்கேதான் பினாங்கு வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்த பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11 அன்று இங்கே கொடியேற்றினார். கார்ன்வாலிஸ் கல்கத்தாவில் இறங்கிப் பதவி ஏற்றது செப்டம்பரில். அதாவது நம் தீவில் கொடி ஏறியபோது ஐயா நடுக்கடலில் கப்பலில் இருந்தார். லைட் முதலில் நட்டது வெறும் மரவேலி. வந்திருக்கும் புது மேலதிகாரியின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார். உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் அந்த மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

பிறகு திப்புவோடு மூன்றாம் மைசூர்ப் போர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. அந்த வெற்றிக்காக அதே வருடம் மார்க்விஸ் பட்டம் கொடுத்தார்கள். ஆக ஒரே தலையில், கீழ்ப்படியிலிருந்து மேலாக, பாரனெட், பாரன், விஸ்கவுண்ட், ஏர்ல், மார்க்விஸ் எல்லாம் உட்கார்ந்திருந்தன. ஐந்து கிராண்டு, ஒரே பெயர்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மார்க்விஸ் 1805-ல் இரண்டாவது முறை இந்தியாவுக்கு வந்து, இரண்டு மாதம் சொச்சத்தில், அக்டோபர் 5 அன்று காஜிப்பூரில் இறந்தார். அங்கே கங்கைக் கரையில்தான் புதைத்திருக்கிறார்கள். அவருக்கு ஒரே மகன், அவர் பெயரும் சார்ல்ஸ், இரண்டாம் மார்க்விஸ். அவருக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் பெண். 1823 ஆகஸ்டில் அவர் இறந்ததும் மார்க்விஸ் பட்டம் அற்றது. பிறைக்காரத் தம்பி சொன்ன 1823 இதுதான்.

ஆனால் ஏர்ல் பட்டம் அன்று அற்றுப்போகவில்லை! ஏன்? கிராண்டைப் பாருங்கள். மார்க்விஸ் பட்டம் 1792-ல் கோட்டைக்காரருக்குக் கொடுத்தது, அவர் உடம்பில் பிறந்த ஆண் வாரிசுக்குத்தான் போகும். ஏர்ல் பட்டம் 1753-ல் அவருடைய அப்பாவுக்குக் கொடுத்தது. அப்பாவின் இன்னொரு மகன் அப்போதும் உயிரோடு இருந்தார். ஜேம்ஸ் கார்ன்வாலிஸ், லிச்ஃபீல்டு பிஷப், வயது 80. அண்ணன் மகன் இறந்ததும் கிழவர் நான்காம் ஏர்ல் ஆனார். ஐந்தே மாதம். 1824 ஜனவரியில் அவரும் போய்விட்டார். அவர் மகன் ஐந்தாம் ஏர்ல். இவர் தாய்மாமன் சொத்துக்காகத் தன் குடும்பப் பெயரையே மேன் என்று மாற்றிக்கொண்டவர். ஏர்ல் கார்ன்வாலிஸ், ஆனால் குடும்பப் பெயர் கார்ன்வாலிஸ் இல்லை! இவருடைய ஒரே மகன் அப்பாவுக்கு முன்பே 1835-ல் இறந்தான். 1852-ல் இவரும் இறக்க, ஏர்ல், விஸ்கவுண்ட், பாரன், பாரனெட் எல்லாம் ஒரே நாளில் மூடின.

அப்படியானால் பையன் கைப்பேசியில் பார்த்தவர் யார்? ஐந்தாம் ஏர்லுக்கு மகள்கள் இருந்தார்கள். ஒரு மகள் ஜெமைமா, லீட்ஸ் கோட்டை என்று கென்ட் மாவட்டத்தில் இருக்கிறதே, அந்தக் கோட்டைக்குச் சொந்தமான வைக்கம் மார்ட்டின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய வழியில் வந்தவர்கள் கார்ன்வாலிஸ் என்ற பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தாத்தா தொலைத்த பெயரைப் பேரன் தேடி எடுத்த மாதிரி. ஐந்தாம் ஏர்லின் லின்டன் மாளிகையும் பிற்பாடு அந்தப் பக்கமே வந்தது. ஜெமைமாவின் பேரன் மெய்ட்ஸ்டோன் தொகுதி எம்.பி.யாக இருந்தவர். அவரை 1927-ல் பாரன் கார்ன்வாலிஸ் ஆக்கினார்கள். பழைய பட்டத்தைத் தட்டி எழுப்பவில்லை. புத்தம் புது கிராண்டு, புது எண், அதில் பழைய பெயர். முதல் பாரன் என்று அவரிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். இப்போது இருப்பவர் அந்த வரிசையில் நான்காவது.

ஆகவே அடுத்த முறை யாராவது கேட்டால், பட்டம் முடிந்தது, ரத்தம் முடியவில்லை என்று சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:

ஐயா, கோடி நன்றி. இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை தாளில் வம்ச மரம் வரைந்துகொண்டு படித்தேன்.

ஒரு சந்தேகம். அந்த இரண்டாம் மார்க்விஸுக்கு ஐந்து பெண்கள் என்கிறீர்கள். பினாங்கு ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார் குடும்பங்களில் ஆண் பிள்ளை இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வார்களே, அப்படி ஒரு சுவீகாரம் செய்திருந்தால் மார்க்விஸ் பட்டம் நின்றிருக்காதா? ஐந்து பெண்களில் ஒருத்தி மகனையாவது?

பழைய கிராணி:

முடியாது தங்கச்சி. "உடம்பில் பிறந்த" என்ற சொல் அங்கேயே கதவைச் சாத்திவிடுகிறது. சொத்தை யாருக்கும் எழுதி வைக்கலாம், பெயரை யாரும் மாற்றிக்கொள்ளலாம், பட்டம் மட்டும் தத்துப் பிள்ளைக்குப் போகாது. பெண் வழிக்குப் போகும் பட்டங்கள் சில உண்டு, ஆனால் அது பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாம் மார்க்விஸின் கல்யாணத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பெண் லூயிசா, கோர்டன் டியூக்கின் மகள். கோர்டன் குடும்பத்தில் சித்தப்பிரமை ஓடுகிறது என்று ஊரில் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா, அதாவது நம் கோட்டைக்காரர், தயங்கினாராம். பெண்ணின் தாய், டியூக்கின் மனைவி, அவரைப் பார்த்து, "கவலையே படாதீர்கள், லூயிசாவின் உடம்பில் ஒரு சொட்டு கோர்டன் ரத்தம் கிடையாது" என்று சொன்னாராம்! சம்பந்தம் பேசும்போது இப்படி ஒரு உத்தரவாதம் நம் பக்கத்தில் யாராவது கொடுத்துக் கேட்டதுண்டா? நடந்ததோ இல்லையோ, இருநூறு வருடமாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

நீங்கள் சுவீகாரம் என்றதும் எனக்கு வேறொருவர் நினைவு வந்தது. டல்ஹௌசி. 1848 முதல் 1856 வரை கவர்னர் ஜெனரல். வாரிசு இல்லாமல் ராஜா இறந்தால் தத்துப் பிள்ளை செல்லாது, நாடு கம்பெனிக்கு என்று சதாரா, ஜான்சி, நாக்பூர் என்று எடுத்துக்கொண்டே போனவர். தஞ்சாவூரில் 1855-ல் மராட்டிய ராஜா சிவாஜி ஆண் பிள்ளையில்லாமல் இறந்தார். மகள்கள் இருந்தார்கள், செல்லாது என்று ராஜ பட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த டல்ஹௌசியை 1849-ல் மார்க்விஸ் ஆக்கியிருந்தார்கள். 1860-ல் அவர் இறந்தார். இரண்டு மகள்கள், மகன் இல்லை. மார்க்விஸ் பட்டம் அன்றோடு காலாவதி. ஏர்ல் பட்டம் பங்காளி ஒருவருக்குப் போனது. தஞ்சாவூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கோப்பி கூடுதலாகக் குடித்துக்கொள்ளுங்கள்.

பிறைக்காரன்:

அண்ணே, நான் பாதியிலே நிறுத்தியது தப்புதான். பரிகாரமாக எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் செபராங் பிறைக்கு முன்னால் என்ன பெயர்? புரோவின்ஸ் வெல்லஸ்லி. எங்கள் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னார். 1800-ல் கெடா சுல்தானிடமிருந்து இந்தக் கரையை வாங்கியபோது கவர்னர் ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் வெல்லஸ்லியின் பெயர் அது. வாட்டர்லூ வெலிங்டன் டியூக்கின் அண்ணன்.

அவர்கள் உண்மையில் வெல்லஸ்லி குடும்பமே இல்லை, கோலி குடும்பம். தாத்தா 1728-ல் ஒரு உறவினர் சொத்துக்காகப் பெயரை மாற்றிக்கொண்டார். (கிராணி அண்ணன் சொன்ன மேன் கதைதான், ஒரு நூற்றாண்டு முன்னால்.) ரிச்சர்டுக்கு அப்பா வழியில் வந்தது மார்னிங்டன் ஏர்ல் பட்டம். திப்புவை முடித்ததற்காக 1799-ல் மார்க்விஸ் பட்டம் கொடுத்தார்கள், ஆனால் அது அயர்லாந்துப் பட்டம், இங்கிலாந்து பிரபுக்கள் சபையில் செல்லாக்காசு. மனிதருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இரட்டை முலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று அதற்குப் பெயர் வைத்தார். அயர்லாந்துக்காரர்கள் உருளைக்கிழங்கு தின்பவர்கள் என்ற நக்கல்.

அவருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர், மகன்களும் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் தாலி கட்டுவதற்கு முன்னால் பிறந்தவர்கள். ஹயசின்த் என்ற பிரெஞ்சுக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்தது 1794-ல், பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். சட்டப்படி வாரிசு இல்லை. 1842-ல் அவர் இறந்ததும் உருளைக்கிழங்கும் போனது. மார்னிங்டன் பட்டம் தம்பிக்குப் போய், அங்கேயும் வழி அற்று, 1863-ல் வெலிங்டன் டியூக் வீட்டில் போய் ஒதுங்கியது.

இனிமேல்தான் வேடிக்கை. அந்தக் கல்யாணத்துக்கு முன் பிறந்த மகள்களில் ஒருத்தி ஆன். பென்டிங்க் பிரபு ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவள் பேரனின், இல்லை, மகனின் மகளின் மகள்தான் எலிசபெத் ராணியின் தாயார், குவீன் மதர். எழுதும்போதே நான் விரல் விட்டு எண்ணினேன். ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று சட்டம் ஒதுக்கிய பெண்ணின் வழிதான் இப்போது லண்டனில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று: 1805-ல் வெல்லஸ்லி செலவு அதிகம் செய்கிறார் என்று கம்பெனி சலித்துப்போனபோது, அவருக்குப் பதிலாக வந்தவர்தான் கிழட்டு கார்ன்வாலிஸ். தீவுக் கோட்டைக்காரர் வந்து எங்கள் கரைக்காரரை வீட்டுக்கு அனுப்பினார். அப்போதிருந்தே தீவுக்காரர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது.

பத்துமலைப் படி:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். சுவையாகத்தான் போகிறது, ஆனால் பட்டம் எங்கே போனது என்று பேசுகிறோமே தவிர, அது எதற்குக் கிடைத்தது என்பதை எல்லாரும் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள்.

எங்கள் பூர்வீகம் திண்டுக்கல். கிராணி ஐயா சொன்ன அந்த 1792 உடன்படிக்கையில் திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டார். கம்பெனிக்குப் போன பகுதிகளில் திண்டுக்கல் உண்டு, சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்த பாராமகால் உண்டு, மலபார் உண்டு. அந்தப் பணம் வந்து சேரும்வரை ஈடாகத் திப்புவின் இரண்டு மகன்களைப் பிடித்து வைத்தார்கள். ஒருவனுக்குப் பத்து வயது இருக்கும், இன்னொருவனுக்கு எட்டு. மதராசில் இரண்டு வருடம் வைத்திருந்துதான் திருப்பி அனுப்பினார்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கார்ன்வாலிஸ் சிலை இருக்கிறது. உங்கள் தேனாம்பேட்டைப் பெரியவர் பார்த்திருப்பார். அதன் பீடத்தில் அந்தக் குழந்தைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெருமையாக! தன் பேரன்கள் பட்டத்தைக் காப்பாற்றப் பிறக்கவில்லை என்று நாம் இங்கே வருத்தப்படுகிறோம். அடுத்தவன் பிள்ளையை அடமானம் பிடித்த ஆள் அவர்.

அவர் காலத்தில்தான் 1791-ல், தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தால் கம்பெனி உத்தியோகம் கிடையாது என்ற தடையும் வந்தது. 1793-ல் வங்காளத்தில் நிரந்தர நிலவரி, ஜமீன்தார் ஆட்சி. நியாயமாகவும் பேசுகிறேன்: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கொள்ளைப் பணத்தில் தன் பங்கை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கை சுத்தமான மனிதர் என்பதை எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். கை சுத்தம், செய்த வேலை வேறு.

குடும்பமே அப்படித்தான். அவருடைய சித்தப்பாக்கள் இருவர் இரட்டையர். ஃபிரெடெரிக் கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஆனார். எட்வர்ட் கனடாவில் 1749-ல் ஹாலிஃபாக்ஸ் நகரத்தை அமைத்தவர், அங்கே வாழ்ந்த மிக்மாக் பூர்வகுடிகளின் தலைக்கு விலை வைத்தவரும் அவரே. 2018-ல் அவருடைய சிலையை அந்த ஊர்க்காரர்கள் பீடத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஒரே கருவில் பிறந்து ஒருவர் ஜெபம், ஒருவர் இது.

அக்கா, கோட்டையில் இதையும் இரண்டு வரி சொல்லுங்கள். செங்கல் கோட்டையைக் கட்டியதே இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளின் உழைப்பில்தான். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தச் சுவரிலும் இல்லை.

பழைய கிராணி:

பத்துமலைப் படி சொன்னது நியாயம். கிராண்டு பார்க்கிறவனுக்கு நிலத்தில் யார் வேர்வை சிந்தினார்கள் என்பது கண்ணில் படாது, அது எங்கள் தொழில் குறை.

ஒரு சின்ன விவரம் சேர்க்கிறேன். தலைமுறைப் பட்டம் இருந்தாலே பிரபுக்கள் சபையில் இடம் என்ற வழக்கத்தை 1999-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள், 92 பேருக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தார்கள். ஆகவே இப்போது நான்காம் பாரன் என்பது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொல், நாற்காலி கிடையாது. பையன் அடுத்த தடவை கேட்டால் இதையும் சொல்லலாம்.

பழைய புரோம் மாளிகை, கல்ஃபர்ட் எஸ்டேட் எல்லாம் இரண்டாம் மார்க்விஸ் இறந்த கையோடு விற்பனைக்குப் போய்விட்டன. பெண்கள் ஐந்து பேரில் மூன்று பேர் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். அதில் மேரியின் கணவர் சார்ல்ஸ் ராஸ்தான் கோட்டைக்காரரின் கடிதங்களையெல்லாம் தொகுத்து 1859-ல் அச்சிட்டார். இன்று நாம் இவ்வளவு பேச முடிகிறதென்றால் அந்த மருமகப் பிள்ளை செய்த வேலையும் ஒரு காரணம். மகன் வழி பெயரைத் தொலைத்தது, மகள் வழி காகிதத்தைக் காப்பாற்றியது.

கோட்டைவாசல்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சோதித்துப் பார்த்தேன். மதுரையிலிருந்து வந்த ஆசிரியைகள் ஏழு பேர்.

கோட்டை வாசலில் நின்று முதலில் கைதிகளைப் பற்றிச் சொன்னேன். உள்ளே போனதும் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்கள் இரண்டு பேர், வேறெந்த வாரமும் யாரும் அப்படிச் செய்ததில்லை. லைட் சிலைக்கு முன்னால் நின்று, இவர் கொடியேற்றியபோது கோட்டைக்குப் பெயர் தந்தவர் நடுக்கடலில் இருந்தார் என்றதும் நல்ல சிரிப்பு. அந்தச் சிலைக்கு லைட் முகமே கிடைக்காமல் அவர் மகன் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்றபோது இன்னும் கொஞ்சம் சிரிப்பு. ஐந்து கிராண்டு கதையை நான் வேகமாகச் சொல்லிவிட்டேன், பாதிப் பேருக்குப் புரியவில்லை. அதை அடுத்த வாரம் வம்ச மரத்தை அட்டையில் வரைந்து கொண்டுபோய்க் காட்டப்போகிறேன். கோர்டன் ரத்தக் கதையை மட்டும் யாருக்கும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பீரங்கியிடம் வந்தபோது, பிள்ளை வரத்துக்காகப் பூ வைப்பார்கள் என்றேன். இரண்டாம் மார்க்விஸுக்கு ஐந்தும் பெண் என்று பட்டம் போன கதையையும் அங்கேயே சொன்னேன். ஒரு டீச்சர், வயதில் எல்லாரிலும் சின்னவர், கேட்டார்: "இந்தப் பீரங்கி ஆண் பிள்ளை மட்டும்தான் கொடுக்குமாமா?"

எனக்குத் தெரியாது டீச்சர் என்றேன். அவர் தலையிலிருந்த மல்லிகையில் ஒரு கண்ணி பிய்த்து பீரங்கியின் வாயில் வைத்துவிட்டு வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.